புளியரைக்குக் கிழக்கே ஒரு சாலை: பட்டியலில் ஏன் வரவில்லை?

2025 மே 9

செங்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "எம்.எல்.ஏ. மனது வைத்தால் நம் சாலை ஆறு மாதத்தில் அகலமாகிவிடும். அவர் மனது வைக்கவில்லை. இதைத் தவிர வேறு காரணம் உண்டா?"

உண்டு. முப்பது ஆண்டுக்கு மேல் சாலை வரைபடங்களோடு வாழ்ந்தவன் நான். இளநிலை வரைதொழில் அலுவலராகச் சேர்ந்து, அந்த மேசையிலேயே முடி நரைத்து ஓய்வு பெற்றேன். ஒரு சாலை எப்படி அகலப்படுத்தும் பட்டியலுக்குள் போகிறது, எப்படி வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதைத் தாளில் பார்த்திருக்கிறேன்.

முதலில், எந்தச் சாலை யாருடையது என்று பாருங்கள். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் போவது தேசிய நெடுஞ்சாலை 744. பழைய எண் 208. அதற்குப் பணம் தில்லியிலிருந்து வர வேண்டும். திருநெல்வேலி–தென்காசி சாலை மாநில நெடுஞ்சாலை. அது உலக வங்கிக் கடனில் நான்கு வழிச் சாலையாக எடுக்கப்பட்டது. நம் சாலை இரண்டிலும் சேராது. அது மாவட்ட இதர சாலை, தார்ப்பரப்பின் அகலம் 3.75 மீட்டர். எதிரே பஸ் வந்தால் ஒருவர் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும்.

எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பள்ளிக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, நிழற்குடை எல்லாம் தொகுதி முழுவதற்கும் அதிலிருந்துதான். சில கிலோமீட்டர் சாலையை அகலப்படுத்தி, கல்வெர்ட் கட்டி, நிலமும் எடுப்பதென்றால் அந்தப் பை தாங்காது.

மே 9, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதிக்கு முக்கியமான பத்துக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். அந்தப் பத்தில் ஒன்றாக நம் சாலை போயிருக்கலாம் என்று தம்பி சொல்வது நியாயம். ஆனால் அந்தக் கோரிக்கையும் கடைசியில் மதிப்பீடு, நிதி ஆதாரம், நிலம் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் வெளியே வரும்.

மே 11

பணம் எங்கிருந்து வருகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

மாநில வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருவது ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம். நெடுஞ்சாலைத் துறையின் அன்றாடச் சோறு அதுதான். 2021-ல் அறிவித்த முதலமைச்சரின் சாலை மேம்பாட்டுத் திட்டம், மாவட்ட, வட்டத் தலைநகரங்களை இணைக்கும் 2,200 கி.மீ. சாலையைப் பத்தாண்டில் நான்கு வழியாக்குவதாகச் சொல்கிறது. 6,700 கி.மீ. சாலையை இரு வழியாக்குவதும் அதில் உண்டு. நான்கு வழிக்கு நம் சாலைக்கு இடமே இல்லை. இரண்டாவதற்குப் போட்டியிடலாம்.

அடுத்தது வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் ஊரக உட்கட்டமைப்பு நிதி. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வேளாண்மை போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு இவ்வளவு கடன் கொடுத்தாக வேண்டும் என்று வங்கிகளுக்கு விதி இருக்கிறது. கொடுக்காமல் குறை வைத்த தொகையை நபார்டில் கட்ட வேண்டும். அப்படி 1995-96-ல் 2,000 கோடி ரூபாயோடு தொடங்கிய நிதி இது. அதிலிருந்து மாநில அரசு கடன் வாங்கி ஊர்ச் சாலையும் பாலமும் கட்டுகிறது. முதல் இரண்டு ஆண்டு அவகாசத்தையும் சேர்த்து ஏழு ஆண்டுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். கடையநல்லூர் விவசாயிக்கு நேராகப் போயிருக்க வேண்டிய கடன், சுற்றி வளைத்து அவர் வயலுக்குப் போகும் சாலையாக வருகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் புரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

மூன்றாவது, மத்திய சாலை மற்றும் உட்கட்டமைப்பு நிதி. பெட்ரோல், டீசல் மீது போடும் தீர்வையிலிருந்து வருவது. மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது எரிபொருள் நுகர்வுக்கு 30 சதவீதமும் நிலப்பரப்புக்கு 70 சதவீதமும் எடை கொடுக்கிறார்கள்.

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன்கள் பெரிய தடங்களுக்கே. சென்னை–கன்னியாகுமரி தொழில்தடத்துக்காக ஆசிய வளர்ச்சி வங்கியோடு 2021-ல் கையெழுத்தான 484 மில்லியன் டாலர் கடன், சுமார் 590 கி.மீ. மாநில நெடுஞ்சாலைகளுக்கு. நம் ஊர் ஓடைப் பாலத்துக்கு அங்கிருந்து யாரும் வரப்போவதில்லை.

மே 12

கேரளத்து ஆரியங்காவிலிருந்து டீச்சர் ஒருவர் எழுதுகிறார்: "மலைக்கு இந்தப் புறம் மலையோர நெடுஞ்சாலையைப் பாருங்கள். நாங்கள் கிஃப்பி வைத்துப் போட்டுக்கொள்கிறோம். உங்கள் அரசு ஏன் அப்படிச் செய்யக்கூடாது?"

டீச்சர், புனலூர்ப் பக்கம் அந்தச் சாலையில் போயிருக்கிறேன். ஓரத்து வடிகால், தடுப்பு, கோடு எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. கிஃப்பி, அதாவது கேரள உட்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம், 1999-ல் தொடங்கி, 2016-ல் சட்டத்தைத் திருத்தி உயிர் கொடுத்த அமைப்பு. மோட்டார் வாகன வரியில் பாதியும், பெட்ரோல் டீசல் லிட்டருக்கு ஒரு ரூபாய் தீர்வையும் அதற்குப் போகிறது. அந்த வருமானத்தைக் காட்டி வெளியில் கடன் வாங்குகிறது. 2019-ல் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட மசாலா பத்திரம் (வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் விற்கும் கடன் பத்திரம்) 2,150 கோடி ரூபாய்க்கு, வட்டி 9.723 சதவீதம். இந்த வட்டியை உரக்கச் சொல்லிப் பாருங்கள். அவசரத்துக்கு நகையை வைக்கிற வீடு எனக்கு நினைவு வருகிறது. கிஃப்பி வாங்கிய கடனை மாநிலத்தின் கடன் வரம்பிலேயே சேர்த்து மத்திய அரசு பிற்பாடு பிடித்துக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சாலைக்கென்று ஒரு தனிப் பை வைத்து, இந்த வரி இதற்குத்தான் என்று எழுதி வைத்தது நல்ல காரியம்.

இன்னொரு செய்தி: உங்கள் பக்கத்து வண்டிகள் டீசல் விலை பார்த்து செங்கோட்டையில் நிரப்பிக்கொண்டு மலை ஏறுகின்றன. நுகர்வு தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறுகிறது. அந்த 30 சதவீதத்தில் நமக்கு லாபம்.

மே 13

நேற்று எழுதியதில் "நமக்கு லாபம்" என்பது தவறு. நிதி மாநிலத்துக்கு மொத்தமாக வருகிறது. செங்கோட்டையில் விற்ற டீசலுக்காகச் செங்கோட்டைக்குச் சாலை வராது. எந்த வேலைக்கு அதைச் செலவிடுவது என்று மாநிலம் பட்டியல் கொடுத்து, மத்திய அமைச்சகம் ஒப்புதல் தர வேண்டும். ஆர்வத்தில் எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டிய புளியங்குடிக்காரருக்கு நன்றி.

மே 17

எல்லாப் பையும் கடைசியில் கேட்பது ஓர் எண்ணைத்தான். அந்தச் சாலையில் நாளொன்றுக்கு எத்தனை வண்டி?

வண்டியை வண்டியாக எண்ணி நிறுத்துவதில்லை. காருக்குச் சமமாக மாற்றுவார்கள். இந்திய சாலைக் குழுமத்தின் 1990-ஆம் ஆண்டு அட்டவணையில் கார் 1. மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் அரை. பஸ்ஸும் லாரியும் 3. டிரெய்லர் கட்டிய டிராக்டர் 4.5. கைவண்டி 3. மாட்டு வண்டி 8. எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இந்த எட்டைப் பார்த்துத் திகைப்பார்கள். சாலையில் அது எவ்வளவு நேரம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கான எண் அது. நெல் மூட்டை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு எட்டு சரிதான் என்று தெரியும்.

சமவெளியில் ஒற்றைத் தடச் சாலை, அதாவது நம் சாலை போன்ற 3.75 மீட்டர் சாலை, நாளொன்றுக்கு 2,000 கார் அளவு தாங்கும். 5.5 மீட்டர் இடைவழிச் சாலை 6,000. இரு வழிச் சாலை 15,000. அதே இரு வழிச் சாலை மலை ஏறி, வளைவும் அதிகமாக இருந்தால் 5,000 ஆகக் குறைந்துவிடும். புளியரை எஸ் வளைவில் ஒரு லாரி மூச்சு வாங்கி நின்றால் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.

ஆக, எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டவில்லை என்று தாளில் இருந்தால் நம் சாலை அகலமாகாது. எம்.எல்.ஏ. கடிதம் அதற்கு மேல் ஒரு கல் வைக்கலாம், அஸ்திவாரமாகாது.

அந்த அட்டவணையை எத்தனை முறை புரட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. நடந்து போகிறவருக்கு அதில் எண் கிடையாது. காலை எட்டரை மணிக்கு நம் சாலையின் ஓரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நடக்கிறார்கள். முன்னால் போகிற பெண் பின்னால் வருகிற தம்பியின் புத்தகப் பையை ஒரு கையால் பிடித்து மண்ணுக்கு இழுத்துக்கொண்டே போகிறாள். டிப்பர் கடந்த பிறகு விடுகிறாள். மறுபடி பிடிக்கிறாள். தாளில் அவர்கள் இருவரும் பூஜ்யம்.

மே 18

ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் கேட்கலாமே என்கிறார் ஒருவர். அதற்கும் ஓர் எண் உண்டு. ஒரு நாளில் கடக்கும் ரயில்களை ஒரு நாளில் கடக்கும் வண்டிகளால் பெருக்கினால் ஒரு லட்சம் வர வேண்டும். வந்தால் ரயில்வேயும் மாநிலமும் செலவைப் பாதிப் பாதி ஏற்கும் என்பது வழக்கமான ஏற்பாடு. நாளுக்குப் பத்து ரயில் என்று வைத்துக்கொண்டாலும் பத்தாயிரம் வண்டி வேண்டும். நம் கேட்டில் வராது.

செங்கோட்டை–புனலூர் தடத்தை அகலப் பாதையாக்க 2010 செப்டம்பரில் மூடினார்கள். முழுத் தடமும் திறக்க 2018 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டு வண்டிகள் எவ்வளவு பெருகினாலும், ரயில் ஓடாத கேட்டில் பெருக்குத்தொகை பூஜ்யம்தான்.

மே 24

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "அண்ணாச்சி, அப்படியென்றால் நல்லதுதானே. ஆள் செல்வாக்கு பொய் சொல்லும், எண் பொய் சொல்லாது. எண்ணட்டும்."

இரண்டு நாளாக இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

1984 கார்த்திகை. எனக்கு வேலை இல்லை. ஒரு சாலையில் வண்டி எண்ண ஆள் வேண்டும் என்று கூட்டிப் போனார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், நம் பகுதிதான். ஏழு நாள், இரவும் பகலும் எண்ண வேண்டும். இந்திய சாலைக் குழுமத்தின் 1972-ஆம் ஆண்டு நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது: தொடர்ந்து ஏழு நாள், இருபத்து நான்கு மணி நேரமும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒன்று அறுவடையும் சந்தையும் மும்முரமாக இருக்கும் காலத்தில், இன்னொன்று மந்தமான காலத்தில்.

டீக்கடை பெஞ்சில் நானும் இன்னொரு பையனும். ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு அட்டை, கட்டம் போட்ட தாள், ஆளுக்கொரு காப்பியிங் பென்சில். நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று போட்டால் ஐந்து, அது ஒரு கட்டு. மூன்றாம் நாள் இரவு மழை பிடித்தது. தாளில் தண்ணீர் இறங்கி, காப்பியிங் பென்சில் கோடுகள் எல்லாம் ஊதா நிறத்தில் கலங்கிப் போயின. எது கட்டு, எது ஒற்றைக் கோடு என்று தெரியவில்லை. கடைக்காரர் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுக்கச் சொன்னார். படுத்துவிட்டோம். ஐயப்ப சாமிமார்களின் வண்டிகள் இரவெல்லாம் போனது காதில் விழுந்தது. காலையில் முந்தின இரவுக் கணக்கை எடுத்து, மழை என்பதால் பாதியாகக் குறைத்து எழுதினோம். நான்காம் இரவும் ஐந்தாம் இரவும் அப்படியே. மேற்பார்வைக்கு வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டு கழித்து, ஒரு தொகுப்புத் தாளில் அந்தச் சாலையின் வரிசை கண்ணில் பட்டது. இரவுக் கட்டங்களில் நான் எழுதிய எண்கள். அதே சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் வரும்போது சைக்கிள்காரர்கள் வாய்க்காலுக்குள் இறங்கி, சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பின்னால் பல முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்த டீக்கடை பெஞ்ச் நினைவுக்கு வரும். யாரிடமும் சொன்னதில்லை.

எண்ணும் பொய் சொல்லும் தம்பி. எழுதுகிற கை சொல்ல வைத்தால் சொல்லும்.

மே 25

நிறையப் பேர் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். ஆறுதலுக்காக எழுதவில்லை. நம் சாலைக்கு எண்ணிக்கை எப்போது எடுத்தார்கள், எங்கே நின்று எடுத்தார்கள் என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். தம்பி நாளையே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 2

குற்றால சீசனிலும் சபரிமலை மண்டல காலத்திலும் எண்ணக் கேட்கலாம் என்று நான் நினைத்திருந்ததை மறுபடி யோசித்தேன். சீசனில் மட்டும் எண்ணினால் நம் எண் ஊதிவிடும். அருவியும் கோயிலும் பக்கத்தில் இல்லாத ஒரு சாலையின் வாய்ப்பை நாம் பறித்ததாகும். மும்முரம் ஒன்று, மந்தம் ஒன்று என்று நெறிமுறை சொல்வதே சரி. இரண்டையும் கேட்போம்.

டிப்பர் விஷயம் அதைவிடச் சிக்கல். நம் சாலையில் எண்ணை உயர்த்துவது ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி எல்லை கடக்கும் டிப்பர்கள். ஒரு டிப்பர் 3. அது காலியாகப் போனாலும் 3, விளிம்பு வழிய ஏற்றிப் போனாலும் 3. சாலைக்கோ அது ஒன்றல்ல. அச்சுச் சுமை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. அகலத்தை வண்டிக் கணக்கும், கனத்தை அச்சுக் கணக்கும் தீர்மானிக்கின்றன. அச்சை எடை போடாமல் அகலத்தை மட்டும் கூட்டினால், அகலமான குழிதான் மிஞ்சும். 2018-ல் நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு அனுமதிச் சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். அதற்கு மேலும் ஏற்றுகிறார்கள். கேரளத்தில் வீடு எழும்ப வேண்டும் டீச்சர், மறுக்கவில்லை. நம் சாலை எதற்காக அகலமாக வேண்டும் என்பதை மனுவில் தெளிவாக எழுத வேண்டும் என்கிறேன். பிள்ளைகள் நடக்க மேடை, பஸ் ஒதுங்க இடம், அதற்குப் பிறகு மற்றது.

ஜூன் 8

செங்கோட்டை முன்பு எங்கள் பக்கம்தானே என்று டீச்சர் கேட்டதற்காக. ஆமாம், 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ப் பக்கம்தான். என் பாட்டி கடைசி வரை சில சாமான்களுக்குச் சக்கரம் என்ற பழைய திருவிதாங்கூர்க் காசில் விலை சொல்வாள். கொல்லம் ரயில் 1904-லேயே மலையைக் குடைந்து வந்துவிட்டது. கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலத்தை இன்று யாராவது வண்டிக் கணக்குப் பார்த்துக் கட்டச் சொன்னால் கட்டியிருக்க மாட்டார்கள் என்று எழுத வந்தேன். யோசித்தால் அதற்கும் அந்தக் காலத்துச் சரக்குக் கணக்கு ஒன்று இருந்திருக்கும்.

ஜூன் 21

பதில் வந்துவிட்டது. தம்பி தாளின் படத்தை அனுப்பினார்.

எண்ணிக்கை எடுத்தது அறுவடைக் காலத்தில்தான். வாரத்தில் குறை இல்லை. ஏழு நாளும் முழுதாக இருக்கின்றன. இரவுக் கட்டங்களில் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாமல் தாறுமாறாக இருக்கின்றன. அது நல்ல அடையாளம், உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். யாரோ ஒரு பையன் தூங்காமல் இருந்திருக்கிறான். அவனுக்கு நன்றி.

ஆனால் நின்ற இடத்தைப் பாருங்கள். கல் உடைக்கும் கிரஷருக்குப் பிரியும் விலக்குக்கு மேற்கே ஊர் எல்லைக் கல். டிப்பர்கள் அந்தக் கல்லுக்கு வருவதே இல்லை. கிழக்கே இருந்து வந்து விலக்கில் திரும்பிவிடும். பள்ளிக்கூடமும் பஸ் நிறுத்தமும் விலக்குக்குக் கிழக்கே. நம் சாலை பிழைப்பதும் சாவதும் கிழக்குப் பாதியில்தான்.

நான் இதுவரை வாரம், சீசன் என்றே பேசிக்கொண்டிருந்தேன். இடத்தை ஒரே ஒரு வரியில் கடந்துவிட்டேன். வண்டி ஓட்டம் மாறுகிற ஒவ்வொரு சந்திப்புக்கும் நடுவே சாலையைத் தனித்தனித் துண்டாகப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. முப்பது ஆண்டு அந்தத் துண்டுகளை வரைந்தவன் நான்.

ஜூன் 23

மனு இப்படிப் போகிறது: சாலையை விலக்கில் இரண்டு துண்டாகப் பிரித்து, கிழக்குத் துண்டில் தனியாக எண்ணிக்கை எடுக்க வேண்டும். அதே வாரத்தில் ஒரு நாளாவது அச்சுச் சுமை எடை போட வேண்டும். நடப்பவர்களைத் தனித் தாளில் எண்ணி இணைக்க வேண்டும். நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தைத் தம்பி வட்ட அலுவலகத்தில் வாங்கி வந்தார். விரித்துப் பார்த்தேன். கிழக்குத் துண்டில் இரண்டு இடம் தவிர மற்றதெல்லாம் அரசுப் புறம்போக்கு. நிலம் எடுக்கும் செலவு நான் பயந்த அளவு இல்லை. இதையும் மனுவில் முதல் பக்கத்திலேயே சேர்த்தோம், நிலம் தயாராக இருக்கிற சாலைக்குப் பணம் சீக்கிரம் இறங்கும் என்பதால்.

நாங்களும் உட்கார்ந்து எண்ணப் போகிறோம். அதை அலுவலகம் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மனுவோடு இணைத்தால் அவர்கள் வந்து எண்ணிப் பார்க்க ஒரு காரணமாவது ஆகும். எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இரவுப் பங்கு எனக்கு.

ஜூன் 27, விடியற்காலை

பஸ் நிறுத்தத்துத் திண்ணையிலிருந்து எழுதுகிறேன். முதல் இரவு. சாரல் விட்டு விட்டு அடிக்கிறது. தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, பால் பாயிண்ட் பேனாவால் எழுதுகிறோம். பதினொரு மணிக்கு உட்கார்ந்தோம், டிப்பர் பத்தியில் முதல் கட்டு முடிய ஏழு நிமிடம் ஆனது. இரண்டு மணிக்குத் தம்பி படுக்கச் சொன்னார். படுக்கவில்லை. இப்போது நாலே முக்கால். பால்காரர் சைக்கிளில் போகிறார், அரை. நடப்பவர் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் மூன்றே முக்கால் மணி நேரத்தில் பிள்ளைகள் வருவார்கள்.